நஹாரின் வண்டி டயர் தின்ற கோடை

சுவேலிம் அந்த டயரைக் குறுக்கே அறுத்துத் தரையில் விரித்துப் போட்டுவிட்டு அதன் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். வெயில் கொட்டகைத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. டயரின் உட்புறத்தில் விரலை ஓட்டினான். காப்பிப் பொடி போல ரப்பர்த் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கச்சுவரின் உள்வட்டம் முழுக்கச் சுருக்கம். கம்பி இழைகள் நைந்து, சில இடங்களில் பிரிந்து நின்றன. வெளியே பார்த்தால் ரோட்டில் படும் பட்டன் தேயவே இல்லை. இன்னும் இரண்டு கோடைக்கு ஓடியிருக்க வேண்டிய டயர்.

"காத்தில்லாம ஓடியிருக்கே," என்றான் டயரிடம். பிறகு, "ஆனா நான்தானே காத்து அடிச்சேன்," என்றான்.

மஆன் ஊரின் தெற்கு எல்லையில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது அபூ தாமரின் லாரி முற்றம். சுரங்கத்தில் பாஸ்பேட் ஏற்றி, நகப் மலையில் இறங்கி, அகபா துறைமுகத்தில் கொட்டிவிட்டுத் திரும்பும் ட்ரெய்லர் லாரிகள் அங்கே நின்றன. எல்லா வண்டிகளின் டயர்களும் சுவேலிமின் பொறுப்பு. ராணுவத்தில் கவச வண்டிப் பணிமனையில் கற்ற தொழில். இடது கை மோதிர விரலின் நுனியை ஒரு ரிம் வளையத்துக்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன், நேராக அபூ தாமரிடம் வந்து சேர்ந்தான். எதையும் இரண்டு முறை பார்ப்பான். பார்த்துவிட்டும் சந்தேகப்படுவான். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். டிரைவர்கள் கேலி செய்வார்கள். ஆனால் அவன் கை படாத வண்டியை எடுக்க மாட்டார்கள்.

அந்தக் கோடையில் அவனை ஆட்டிவைத்தது ஒரே ஒரு வண்டி. அதை ஓட்டியவன் நஹார், சுவேலிமின் மனைவி துர்கிய்யாவின் தம்பி. மற்ற வண்டிகளில் டயர்கள் வழக்கம்போல உழைத்துக்கொண்டிருக்க, நஹாரின் வண்டியில் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஒரு நாள் ட்ரெய்லரின் பின் ஜோடியில் உள் டயர். அடுத்த வாரம் நடு அச்சில் வெளி டயர். ஒன்று வெடித்து, அதன் மேல்பட்டை பாம்புச் சட்டை போல உரிந்து நடுரோட்டில் கிடந்தது. இன்னொன்றின் பக்கச்சுவர் கொழுக்கட்டை போல உப்பிக்கொண்டு வந்தது.

முதலில் டயர் சரக்கே மோசம் என்று நினைத்தான். அதே லாட்டில் வந்த டயர்களை வேறொரு வண்டிக்கு மாற்றிப் பார்த்தான். அங்கே அவை சமர்த்தாக ஓடின. அந்த வண்டியில் நன்றாக ஓடிய டயர்களை நஹார் வண்டிக்கு மாட்டினான். அவை செத்தன. அப்படியானால் வண்டிதான் கோணல் என்று முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை நூல் பிடித்துப் பார்த்தான். எல்லா அச்சும் நேராக இருந்தன. பிரேக் பிடித்துக்கொண்டே சுற்றுகிறதோ என்று சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுழற்றினான். பம்பரம் போலச் சுற்றின. ஜோடி டயர்களில் ஒன்று பெரியது, ஒன்று சிறியது என்று இருந்தால் பெரியதே சுமை முழுவதையும் வாங்கும் என்பதால் சுற்றளவை அளந்தான். அதுவும் சரி. லோடு அதிகமோ என்றால், எல்லா வண்டியும் ஏறுவது ஒரே எடைமேடை. எடை போடுகிறவனும் ஒரே ஆள்.

அபூ தாமர் கனத்த மனிதர். கோபம் வந்தால் குரல் மெலியும். அன்று கொட்டகைக்கு வந்தபோது அவர் குரல் கிட்டத்தட்ட கேட்கவே இல்லை.

"சுவேலிம், ஒண்ணு டயர் கெட்டதா இருக்கணும். இல்ல வண்டி கெட்டதா இருக்கணும். ரெண்டும் இல்லேங்கறே. அப்ப மிச்சம் யாரு?"

"பாத்துக்கிட்டிருக்கேன் ஐயா."

"நானும் உன்னையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உன் மச்சினன் வண்டிய எங்கே ஓட்டறான்? ரோட்டுலயா, மலைமேலயா?"

அம்மானிலிருந்து டயர் வியாபாரியின் ஆள் ரவூஃப் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் டார்ச். அறுத்துப் போட்டிருந்த டயரைக் குனிந்து பார்த்தான். தூளை மோந்தும் பார்த்தான். "காத்து கம்மியா ஓடியிருக்கு. வேற ஒண்ணுமில்ல," என்றான்.

சுவேலிமுக்குச் சுருக்கென்றது. ரவூஃப் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் அந்த வலிக்குக் காரணம். டயரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. "காலையில நூத்தி இருபது பவுண்டு. என் கையால. தினமும்," என்றான்.

"உங்க கேஜ் சரியா?"

ரவூஃப் காற்றை அளக்கும் தன் கேஜை எடுத்தான். இரண்டையும் ஒரே வால்வில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நின்றன. ரவூஃப் தலையைச் சொறிந்தான். "அப்ப எனக்குப் புரியல அண்ணே," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு அம்மானுக்குப் போய்விட்டான். அவன் தோரணையாக ஏதாவது உளறியிருந்தால் சுவேலிமுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உண்மையில் இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்றை சுவேலிம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான். தினமும் காலையில், வண்டி ஆறி நிற்கும்போது பார்த்தால், நஹாரின் வண்டியில் எல்லா டயரிலும் காற்று குறைந்திருந்தது. ஒன்றிலோ இரண்டிலோ இல்லை, எல்லாவற்றிலும், ஏறத்தாழ ஒரே அளவு. ஒழுகுகிறது என்று வால்வுகளை மாற்றினான். டயர்களைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். ஒரு குமிழி வரவில்லை. ஒரு டயரைக் கழற்றிச் சுவரில் சாய்த்து ஒரு நாள் முழுக்க விட்டான். பொட்டுக் காற்று இறங்கவில்லை. மறுபடி வண்டியில் மாட்டினான். மறுநாள் காலை குறைந்திருந்தது. தரையில் இருந்தால் காற்று நிற்கிறது, நஹாரின் வண்டியில் ஏறினால் ஓடிப்போகிறது.

ஒரு வேளை இரவில் இறங்குகிறதோ என்று, சாயங்காலம் நஹார் திரும்பி வந்ததும் சூட்டோடு சூடாகக் கேஜை வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். நூற்றிருபது. காலையில் விட்ட அதே நூற்றிருபது. "பாத்தியா, அப்படியே இருக்கு," என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவான். காலையில் வந்தால் குறைந்திருக்கும்.

"மாப்ளே, நீ ஏதாச்சும் காத்துல கை வெக்கறியா?" என்று நஹாரிடம் கேட்டான்.

நஹார் மெலிந்த ஆள். எப்போதும் ஒரு சிகரெட்டைப் பற்றவைக்காமல் உதட்டில் வைத்திருப்பான். "நான் ஏன் மச்சான் கை வெக்கறேன்? எனக்கு ஓட்டறதுக்கே நேரமில்ல," என்றான்.

வீட்டில் துர்கிய்யா தக்காளியைப் பச்சைமிளகாயோடு வதக்கிச் சட்டியோடு நடுவில் வைத்தாள். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சுவேலிம் சட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அது ரிம் இல்ல அபூ லைத், சட்டி. சாப்பிடுங்க." மகன் லைத்தின் பெயரைச் சேர்த்துத்தான் அவள் கணவனைக் கூப்பிடுவாள்.

"துர்கிய்யா, ஒரு பொருள்லேருந்து காத்து ஒழுகாமயே குறையுமா?"

"உங்க பேச்சுலேருந்து தினமும் குறையுதே. பேச வேண்டிய விஷயத்த விட்டுட்டு மத்ததெல்லாம் பேசறீங்க." அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். "என் தம்பிய வண்டிலேருந்து இறக்கப் போறாராமே அபூ தாமர்? தெருவே பேசுது. நீங்க வாயத் தொறக்கல."

"இன்னும் முடிவு பண்ணல."

"கண்ணு பட்டிருக்கு அவனுக்கு. வேற ஒண்ணுமில்ல." மறுநாள் கண்ணேறு கழிய அவள் கொடுத்தனுப்பிய நீலமணியை நஹார் வண்டிக் கண்ணாடியில் கட்டிக்கொண்டான். அதற்கடுத்த நாள் இன்னொரு டயர் போயிற்று.

விஷயம் புலப்பட்டது வேறொரு வண்டியால். ஒரு சாயங்காலம் நஹாரின் வண்டியைப் பார்த்து முடித்த கையோடு, கேஜைச் சட்டைப் பையில் போடப் போனவன், பக்கத்தில் அப்போதுதான் வந்து நின்ற வண்டியிலும் சும்மா வைத்துப் பார்த்தான். முள் நூற்றிருபதைத் தாண்டி ஏறி நின்றது. அடுத்த டயரிலும் அப்படியே. "எவன்டா இவ்வளவு காத்து அடிச்சது!" என்று கத்தியவன், கத்திய வாயை மூடாமல் அப்படியே நின்றான். யாரும் அடிக்கவில்லை. ஓடி வந்த டயர் சூட்டில் ஏறும். ஏறித்தான் இருக்க வேண்டும். ராணுவத்தில் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்த பாடம். ஓடி வந்த டயரில் கேஜ் வைக்காதே, அதில் கை வைக்காதே என்று. அதனாலேயே இந்தக் கோடை வரை அவன் சாயங்காலம் கேஜைத் தொட்டதில்லை.

அப்படியானால் நஹாரின் டயர் மட்டும் ஏன் ஏறவில்லை?

தினமும் நூற்றிருபதைப் பார்த்து நிம்மதிப்பட்டானே, அந்த நூற்றிருபதுதான் தப்பு. முற்றத்தில் எல்லா வண்டியும் அதிகம் காட்ட, நஹாரின் வண்டி மட்டும் காலையில் சொன்னதையே சொல்கிறது என்றால், நடுவழியில் எங்கேயோ காற்று போகிறது. சக்கரத்துக்குச் சக்கரம், ஒரே அளவாக. தானாகப் போகிற காற்று அப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு போகாது.

நஹார் பொய் சொல்கிறான் என்று அவனுக்குப் புரிந்தது. ஏன் என்றுதான் புரியவில்லை. டயரைக் கெடுப்பதால் அவனுக்கு என்ன லாபம்? வேலையே போகப் போகிறது.

"நாளைக்கு உன்கூட நான் அகபா வர்றேன்," என்றான்.

நஹார் உதட்டிலிருந்த சிகரெட்டை எடுத்தான். "எதுக்கு மச்சான்? வெயில்ல எதுக்குக் கஷ்டப்படறீங்க?"

"மீன் வாங்கணும். உங்கக்கா கேட்டா."

காலையில் சுரங்கத்தில் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். நெடுஞ்சாலை தகித்துக்கொண்டிருந்தது. நஹார் ஒழுங்காகத்தான் ஓட்டினான். பள்ளம் மேடு பார்த்து, வேகம் பார்த்து, ஒரு குறை சொல்ல முடியாது. நகப் மலையின் உச்சி நெருங்க நெருங்க அவன் பேச்சு குறைந்தது. சாலை கீழே சரியத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. அதன் எதிரே வண்டியை ஓரங்கட்டினான்.

"நீங்க போய் டீ சொல்லுங்க மச்சான். நான் வண்டிய ஒரு சுத்து பாத்துட்டு வரேன்."

சுவேலிம் இறங்கிக் கடைப்பக்கம் போகிற மாதிரி நடந்து, வண்டியின் பின்னால் வளைந்து வந்தான். உஸ்ஸென்று சத்தம் கேட்டது. இடப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் நஹார் குந்தி உட்கார்ந்து வால்வை அழுத்திக்கொண்டிருந்தான். மறுகையில் கேஜ். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"என்னடா பண்றே?"

நஹார் திடுக்கிடவில்லை. எப்படியும் இது நடக்கும் என்று தெரிந்தவன் போல நிமிர்ந்து பார்த்தான். "நூத்தி நாப்பதத் தாண்டிருச்சு மச்சான். நீங்க நூத்தி இருபதுதானே வெச்சீங்க?"

"ஆமா."

"அப்ப மிச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

"சூட்டுல ஏறும்."

"ஏறுதுல்ல? இன்னும் ஏறுனா வெடிக்கும்ல? கீழ இறங்கறப்ப பிரேக் சூடு வேற சேரும். அதான், நீங்க சொன்ன அளவுக்கே கொண்டாந்து வெக்கறேன். உங்க அளவுதான் மச்சான். நான் ஒண்ணும் புதுசா பண்ணல."

சூடான டயரில் காற்றை எடுக்கக் கூடாது என்பது சுவேலிமுக்குத் தெரியும். ஏன் கூடாது? அதை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. அவனும் யாரையும் கேட்டதில்லை. நஹார் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பது போலவே பட்டது. கோபப்பட்டுப் பார்த்தான்.

"எத்தனை தடவ கேட்டேன், காத்துல கை வெக்கறியான்னு? வாயில என்ன, கல்லா இருந்துச்சு?"

"வெச்சேன்னா என்ன சொல்வாங்க? இறக்கத்தப் பாத்து நடுங்கற பயலுன்னு முற்றம் பூரா பேராயிரும். வண்டிய விட்டே இறக்கிருவாரு." நஹார் வால்வின் மூடியைத் திருகி மூடினான். சுவேலிமின் முகத்தைப் பார்க்காமல், "அதோட..." என்றான்.

"அதோட?"

"ஃபவ்வாஸ் வண்டிக்கும் அன்னிக்குக் காலையில நீங்கதான் காத்து அடிச்சீங்க மச்சான்."

ஃபவ்வாஸ் அந்த வீட்டின் மூத்த பிள்ளை. துர்கிய்யாவுக்கும் நஹாருக்கும் அண்ணன். ஆறேழு வருஷத்துக்கு முன்பு இதே இறக்கத்தில் முன்டயர் வெடித்து, வண்டி தடுப்பை உடைத்துக்கொண்டு போய்த் தீப்பிடித்தது. பின்னாலேயே இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவன் நஹார். அன்றோடு இந்தத் தடத்தை விட்டவன், இந்தக் கோடையில்தான் மறுபடி இந்த இறக்கத்துக்கு வந்திருந்தான். அதன்பிறகு வீட்டில் ஃபவ்வாஸின் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள், மனைவியைப் பற்றிப் பேசுவார்கள். அந்த டயரைப் பற்றி யாரும் பேசியதில்லை.

பேசாததால் அது இல்லாமல் போய்விடவில்லை. சுவேலிம் அந்தக் காலையை எத்தனையோ தடவை திரும்பிப் பார்த்திருக்கிறான். முன்பக்க இடது டயர். காற்றடிக்கும்போது யாரோ ஆடு விற்கிற விஷயமாகப் பேச்சுக் கொடுத்தார்கள். கேஜை இரண்டாம் முறை வைத்தானா? எதையும் இரண்டு முறை பார்க்கிறவன், அன்று பார்த்தானா? ஞாபகமில்லை. டயரோ எரிந்துபோயிற்று. எடுத்துப் பார்க்க ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

அவன் டீக்கடைக்கு நடந்தான். மரமிய்யா இலை போட்ட டீ வந்தது. சர்க்கரை போட்டான். போட்டதை மறந்து மறுபடியும் போட்டான். குடிக்க முடியாமல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, நஹார் வலப்பக்கச் சக்கரங்களுக்கு வந்திருந்தான். அந்த வண்டியில் ஸ்டீயரிங் இடப்பக்கம், சுவேலிம் உட்காருவது வலப்பக்கம்.

"இந்தப் பக்கம் தொடாதே."

"மச்சான்—"

"அந்தப் பக்கம் எடுத்துட்டேல்ல? அப்படியே இருக்கட்டும். இந்தப் பக்கம் எடுக்காதே. நான் இந்தப் பக்கம்தான் உக்காரப்போறேன். கீழ போய்ப் பாப்போம், எந்தப் பக்கம் என்ன ஆகுதுன்னு."

நஹாரின் முகம் வெளுத்தது. "வேண்டாம் மச்சான். உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அவ மூஞ்சில நான் தினமும் முழிக்கறேன். ஒண்ணும் ஆகல. ஏறு."

அந்த இறக்கத்தில் சுவேலிம் எத்தனையோ முறை போயிருக்கிறான். அன்று போல எப்போதும் பயந்ததில்லை. பயப்படுவது நஹாருக்குத் தெரியக் கூடாது என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே பள்ளம் இருந்தது. உள்ளே பார்த்தான். நஹார் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழ் கியரில், வண்டியை ஆமை போல விட்டுக்கொண்டிருந்தான். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. அதைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை. தனக்குக் கீழே இருக்கும் டயரைப் பற்றி நினைத்தான் சுவேலிம். ஒருவேளை இவன் சொல்வதுதான் சரியோ? தெரிந்தவன் மாதிரி வந்து உட்கார்ந்துவிட்டோமே, எனக்கு என்ன தெரியும்? ஒரு சார்ஜென்ட் சொன்னது தெரியும். அந்த சார்ஜென்டுக்கு யார் சொன்னார்களோ.

தடுப்புச் சுவர் புதிதாகக் கட்டியிருந்த ஒரு வளைவில் நஹார் கண்ணை ஒருகணம் மூடித் திறந்தான். வண்டி வளைந்தது. எதுவும் வெடிக்கவில்லை.

கீழே சமவெளியில் நெடுந்தூரம் ஓடி, குவைரா ஊரைத் தாண்டி நிறுத்தினார்கள். இருவரும் இறங்கினார்கள். சுவேலிம் வலப்பக்க டயரின் பக்கச்சுவரில் உள்ளங்கையை வைத்தான். சுட்டது. ஆனால் கையை வைத்திருக்க முடிந்தது, டீ கிளாஸைப் பிடிக்கிற மாதிரி. "நீ வெச்சுப் பாரு," என்றான். நஹார் வைத்துப் பார்த்தான். இடப்பக்கம் போனார்கள். நஹார்தான் முதலில் வைத்தான். வைத்த வேகத்தில் கையை உதறினான்.

"இது இந்தப் பக்கத்து பிரேக்கா இருக்கும்," என்றான்.

"சரி, அடுத்தத வெச்சுப் பாரு."

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ரப்பர் கருகும் வாடை லேசாக வந்தது. நஹார் பையிலிருந்து கேஜை எடுத்து வைத்தான். மேலே அவன் நூற்றிருபதுக்குக் கொண்டுவந்து விட்ட டயர், ஏறக்குறைய பழைய இடத்துக்கே மறுபடி ஏறி நின்றது.

"எடுத்தேனே மச்சான்! நீங்களே பாத்தீங்களே. எடுத்த காத்து எப்படித் திரும்பி வந்துச்சு?"

சுவேலிம் குனிந்து டயரைப் பார்த்தான். சுமை தாங்கும் இடத்தில் இடப்பக்க டயர்களின் வயிறு வலப்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் பிதுங்கியிருந்தது. சாலையோரம் கிடந்த ஒரு கட்டுக்கம்பித் துண்டை எடுத்தான். இப்படியும் அப்படியுமாக வளைத்தான்.

"காத்து வரல. சூடு வந்திருக்கு. காத்து கம்மியானா டயரு தளரும். தளந்தா ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிரும். இந்தா, இப்படி. எத்தனை சுத்து, யோசிச்சுப் பாரு." கம்பி வளைந்த இடத்தை நஹாரின் விரலில் வைத்தான். "சுடுதா?"

"சுடுது."

இன்னும் சில தடவை வளைத்ததும் கம்பி பட்டென்று ஒடிந்தது. பேசிக்கொண்டே வந்ததில் அவனுக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இத்தனை காலம் தொழில் செய்த ரகசியத்தை நெடுஞ்சாலை ஓரத்தில் கண்டுபிடித்ததில் அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. "சூட்டுல ஏறுற காத்தையும் தாங்கற மாதிரிதான் டயரச் செய்யறான். காத்து கம்மியா ஓடறதத்தான் அதால தாங்க முடியாது. நீ காத்த எடுத்து எடுத்து அதத் தளர வெச்சே. திரும்பறப்ப காலி வண்டி, சூடு கம்மி, அதான் சாயங்காலம் நூத்தி இருபதே காட்டுச்சு. மறுநாள் காலையில நான் அடிச்சேன். நீ எடுத்தே."

நஹார் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப அத்தனையும் நான்தான் கெடுத்தேனா?"

"தெரியாம பண்ணே."

"முன்டயர்லயும் எடுத்திருக்கேன் மச்சான். அது போயிருந்தா..." கையிலிருந்த கேஜைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இது ஃபவ்வாஸோட கேஜ். அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். இறக்கத்துக்கு முன்னாடி காத்த எடுத்துரணும்னு. அவனும் அப்பப்ப எடுப்பான்."

சுவேலிமுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. அப்படியானால் அன்று... தான் அடித்த காற்று இல்லையோ? இத்தனை வருஷமாக அழுத்திக்கொண்டிருந்த ஒன்று லேசாகிற மாதிரி இருந்தது. மறுகணமே, செத்தவன் மேல் பழி போவதில் தனக்கு என்ன நிம்மதி என்று கூசியது.

"அன்னிக்கு எடுத்தானா?" என்று கேட்டான். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகுதான் தோன்றியது.

"தெரியல. நான் பின்னாடி வந்தேன். நான் உச்சிக்கு வரும்போது அவன் கிளம்பிட்டான்." நஹார் நிமிர்ந்து பார்த்தான். கேள்வி எங்கே போகிறது என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. "எடுத்திருப்பானா மச்சான்?"

"தெரியாது," என்றான் சுவேலிம். "எனக்கும் தெரியாது மாப்ளே. அன்னிக்கு நான் கேஜ ரெண்டாவது தடவ பாத்தேனான்னும் தெரியாது. எவ்வளவோ யோசிச்சுட்டேன்."

பக்கத்துப் பெட்ரோல் பங்குவரை மெதுவாக ஓட்டிப் போய், டயர் ஆறும்வரை நிழலில் காத்திருந்து, இடப்பக்கத்துக்குக் காற்றடித்துக்கொண்டு அகபா போய்ச் சேர்ந்தார்கள். திரும்பும்போது மீன் வாங்க மறந்துவிட்டார்கள்.

"மீனெங்கே?" என்றாள் துர்கிய்யா.

சுவேலிம் அவளை உட்காரச் சொல்லி நடந்ததைச் சொன்னான். நஹார் உச்சியில் நிறுத்தியதைச் சொன்னான், காற்றை எடுத்ததைச் சொன்னான். அவள் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தான்.

"அவன் தினமும் அங்க நிறுத்தறான்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "டீக்கடைக்காரன் பொண்டாட்டி சொன்னா. அண்ணனுக்கு ஃபாத்திஹா ஓதத்தான் நிறுத்தறான்னு நினைச்சேன். நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

"ஓதிக்கிட்டும் இருந்தான்," என்றான் சுவேலிம். அந்த அசைந்த உதடுகள் ஞாபகம் வந்தன. "ரெண்டும்தான் பண்ணியிருக்கான்."

துர்கிய்யா எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். வெகுநேரம் அங்கே எதையோ கழுவினாள். ஃபவ்வாஸும் காற்றை எடுப்பான் என்பதைச் சொல்லலாமா என்று சுவேலிம் இரண்டு முறை எழுந்தான், இரண்டு முறையும் உட்கார்ந்தான். சொன்னால் யாருக்கு நல்லது என்று அவனால் தீர்மானிக்க முடியவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அபூ தாமரிடம் விஷயத்தை மட்டும் சொன்னான், காரணத்தைச் சொல்லவில்லை. "வழியில சூடு பாத்துக் காத்த எடுத்திருக்காங்க ஐயா. தெரியாத்தனம். இனிமே யாரும் தொடக் கூடாதுன்னு எல்லா டிரைவருக்கும் சொல்லிட்டேன்."

"யாரு எடுத்தது?"

"நிறையப் பேருக்கு அந்தப் பழக்கம் இருக்குங்க."

அபூ தாமர் அவனை உற்றுப் பார்த்தார். குரல் மெலியவில்லை. "உன் மச்சினனுக்கு வேலை இருக்குன்னு உன் வீட்டுல சொல்லிரு," என்றார். உண்மையாகவே வேறு இரண்டு டிரைவர்களும் காற்றை எடுப்பவர்கள்தான் என்பது அன்று சாயங்காலமே தெரியவந்தது. எப்போதாவது எடுத்ததால் அவர்களுடைய டயர்கள் தப்பித்திருந்தன.

அதன்பிறகு நஹாரின் வண்டி டயர் தின்பதை விட்டது. ஆணி குத்தி ஒன்று பஞ்சரானபோது சுவேலிம் சந்தோஷத்தில் அந்த ஆணியை எல்லாரிடமும் காட்டினான். ஆனால் நஹார் சரியாகவில்லை. காற்றைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தான், தொடவுமில்லை. ஆனால் உச்சியில் நிறுத்துகிற நேரம் நீண்டுகொண்டே போனது. முன்பு கையில் செய்ய ஒரு வேலை இருந்தது. காற்றை எடுத்துவிட்டால் பயமும் கொஞ்சம் வெளியேறிய மாதிரி இருந்தது. இப்போது அந்த வழியும் அடைபட்டுப்போயிற்று. லோடோடு உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டிருப்பான். சில நாள் சுவேலிமுக்குப் போன் செய்வான். சுவேலிம் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பான், நஹார் இன்ஜினைக் கிளப்பும் சத்தம் கேட்கும்வரை. ஓய்வு நாட்களில் கூடவே போயும் வந்தான். டயரைக் காப்பாற்றிவிட்டு ஆளைக் கெடுத்துவிட்டோமோ என்று அவனுக்குத் தோன்றும். டயரோடு ஆளும் போயிருப்பானே என்றும் தோன்றும். எது சரி என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

குளிர்காலம் முடிந்ததும் நஹார் தானாகவே அபூ தாமரிடம் போய்ச் சாவியைக் கொடுத்தான். சுரங்கத்துக்குள்ளேயே புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் டாங்கர் வண்டிக்கு ஆள் தேவைப்பட்டது. சமதரை. சம்பளம் கம்மி. துர்கிய்யா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தம்பிக்குத் தொப்பை போட ஆரம்பித்ததும் விட்டுவிட்டாள்.

கோடை தொடங்கிய ஒரு மதியம் சுவேலிம் கொட்டகையில் ரிம் ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நஹார்.

"மச்சான், டாங்கர் டயரு சூடா இருக்கு. கை வெக்க முடியல. என்ன பண்ணட்டும்?"

"எங்கே நிக்குது?"

"வெயில்ல."

"எவ்வளவு நேரமா?"

"காலையிலேருந்து. இன்னும் வண்டியவே எடுக்கல."

சுவேலிம் ரிம்மைக் கீழே வைத்தான். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருகணம் இருந்துவிட்டு, "நிழலுக்கு எடுத்து நிறுத்துடா," என்றான்.